நோயின் பெயரைச் சொல்லாமல் உரிமையைக் கேட்பது: வடசென்னையில் புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு

எய்ட்ஸால் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காகப் பேசுவதுதான் இந்த வேலை. காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் ஆயாவின் மஞ்சள் பையைப் பார்த்துத்தான் இதை நான் கற்றுக்கொண்டேன். பைக்குள் ரேஷன் கார்டு, மகனுடைய இறப்புச் சான்று, மருமகளுடைய இறப்புச் சான்று, பேரப்பிள்ளைகள் இருவரின் ஆதார் அட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில் துணியில் சுற்றிய ஒரு மாத்திரை டப்பா. சின்னப் பேரனுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கொடுக்கும் மருந்து. டப்பாவில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார். பசை மட்டும் திட்டுத் திட்டாக மிச்சமிருந்தது.

பிள்ளைகளுக்கு உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்க, மேசையில் இருந்தவர் சத்தமாகக் கேட்டிருக்கிறார்: "ரெண்டு பேரும் எதனால செத்தாங்க?" ஆயா பதில் சொல்லவில்லை. "இன்னொரு சான்று எடுத்தாறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன் கண்ணு. அப்பால அந்தப் பக்கமே போவல." ஆறு மாதம் போகவில்லை. ஆறு மாதமும் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது சேரவில்லை.

இதில் என்னை இன்றும் வதைப்பது ஒன்று உண்டு. அவர் கேட்கப் போன திட்டத்துக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. பெற்றோர் இல்லாத குழந்தை என்பது மட்டும் போதும். இந்தக் குழந்தைகளுக்காகப் பேச வரும் புதியவர்கள் முதலில் பழக வேண்டியது இதைத்தான். குழந்தையின் உரிமையை உரக்கக் கேளுங்கள். நோயின் பெயரைத் தேவைப்படும் மேசையில் மட்டும், மெதுவாகச் சொல்லுங்கள்.

எந்த மேசையில் எதைச் சொல்வது

வேலையைத் தொடங்கும் முன் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நோயைப் பற்றிப் பேசவே வேண்டாத இடங்கள். வலப்பக்கம் பேசியே ஆக வேண்டிய இடங்கள்.

இடப்பக்கம் நீளமாக வரும். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் வரும் நிதி ஆதரவுத் திட்டம் அதில் முக்கியமானது. மாதம் 4,000 ரூபாய். பெற்றோரை இழந்து பாட்டி, சித்தி, மாமா வீட்டில் வளரும் குழந்தைக்கு உண்டு. நகர்ப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். மாநில அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். தாய் தந்தை இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் குழந்தைகளுக்கும் அது. இவ்விரண்டிலும் பெற்றோர் இறந்ததைக் காட்ட இறப்புச் சான்று போதும். ஒன்றைப் பெறும் குழந்தைக்கு மற்றதும் கிடைக்குமா என்பதை மட்டும் அலகில் எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஒன்றை விட்டுவிட்டால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்கும்.

இறப்புச் சான்றைக் காட்டினால் நோய் தெரிந்துவிடுமே என்று பல குடும்பங்கள் அதை வாங்காமலே விட்டிருக்கின்றன. தெரியாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பொதுமக்களுக்குக் கொடுக்கும் சான்றில் இறப்பின் காரணத்தைக் குறிப்பிடவே கூடாது. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். நான் சொல்லும்போது முகம் தெளிந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வலப்பக்கம் மூன்று நான்கு இடங்கள்தான். எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம், பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையம், 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின்படி புகார் கேட்கும் குறைதீர்ப்பாளர், பிறகு எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று தமிழக அரசு 2009இல் அமைத்த அறக்கட்டளை. கடைசியாகச் சொன்னது தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தோடு சேர்ந்து இயங்குவது. அரசு போட்டுவைத்த முதலின் வட்டியிலிருந்து படிப்புக்கும் சத்துணவுக்கும் உதவுகிறது. அதற்கான வழியை ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகரிடம் கேளுங்கள். அந்த அறையில் கதவு உண்டு, அங்கே பேசலாம்.

வீட்டுக்குப் போகும்போது

சட்டப் பிரிவுகளைவிட இது கடினம். வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு சந்துக்குள் புது ஆள் நுழைந்தால் நாலு வீட்டு வாசலில் தலை எட்டிப் பார்க்கும். தொண்டு நிறுவன அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். யாராவது கேட்டால் "ஸ்காலர்ஷிப் பாரம் விஷயமா வந்தேன்" என்று சொல்லுங்கள். அது பொய்யுமில்லை.

குழந்தையிடம் நீங்களாக நோயைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். மாத்திரை சாப்பிடும் பல குழந்தைகளுக்கு அது எதற்கென்று இன்னும் சொல்லப்பட்டிருக்காது. சளிக்கு, ரத்தம் ஊற என்று வீட்டில் சொல்லி வைத்திருப்பார்கள். எப்போது, எப்படிச் சொல்வது என்பது பயிற்சி பெற்ற ஆலோசகரும் குடும்பமும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. பெற்றோரை இழந்த குழந்தை என்றாலே அதற்கும் தொற்று இருக்கும் என்று நினைத்துவிடவும் கூடாது. பலருக்கு இல்லை. மஞ்சள் பை ஆயாவின் மூத்த பேத்திக்கு இல்லை. ஆனால் பயம் இருவருக்கும் ஒன்றுதான்.

வாட்ஸ்அப் குழுவில் குழந்தையின் படத்தையோ மருத்துவச் சீட்டையோ போடாதீர்கள். முகத்தை மறைத்துத் தெருப் பெயரைப் போட்டாலும் அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். நன்கொடை கேட்கும் நல்லெண்ணம் இருந்தாலும் படம் படம்தான்.

காகிதங்கள்

ஒரு நெகிழி உறை, உள்ளே அசல், இன்னொன்றில் மூன்று நகல். இறப்புச் சான்றுகள், குழந்தையின் பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, படிப்புச் சான்று, வருமானச் சான்று, குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகம். வருமானச் சான்றுக்கும் வாரிசுச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இறப்பை 21 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் தனி உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும், அலைச்சல் அதிகம். அதனால் நோயாளி உயிரோடு இருக்கும்போதே குழந்தையின் பிறப்புச் சான்றையும் ஆதாரையும் சரிபார்த்து வைக்கும்படி தாயிடம் பேசிவிடுங்கள். கொடுமையான பேச்சுதான். ஆனாலும் பேசுங்கள்.

அந்தப் பேச்சோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். எச்.ஐ.வி. சட்டத்தின்படி, தொற்றுள்ள பெற்றோர் தம் காலத்துக்குப் பிறகு பிள்ளைக்கு யார் காப்பாளர் என்று உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

அக்காவே வீட்டுக்குப் பெரியவள் என்றால்

சில வீடுகளில் ஆயா கூட இருக்க மாட்டார். பதினாறு வயது அக்கா, எட்டு வயதுத் தம்பி. ஒரு முறை இப்படி ஓர் அக்காவும் தம்பியும் பள்ளிச் சேர்க்கைக்குப் போனபோது, "பெரியவங்களைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் பள்ளி வாசலிலேயே நின்று எனக்கு போன் செய்தாள். "நான்தான் சார் பெரியவ" என்றாள்.

சட்டம் அவள் பக்கம் நிற்கிறது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 32ஆம் பிரிவு, நோயால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நிர்வகிக்கும் பக்குவம் உள்ள, 12 வயதுக்குக் குறையாத, 18 வயது நிரம்பாத அண்ணனோ அக்காவோ தம்பி தங்கைக்குக் காப்பாளராகச் செயல்படலாம் என்கிறது. பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு, சொத்து நிர்வாகம் எல்லாம் இதில் அடங்கும்.

ஆனால் இந்தப் பிரிவைப் பள்ளியில் எடுத்துக் காட்டினால் நோயையும் சேர்த்துக் காட்டியதாக ஆகிவிடும். அதனால் முதலில் நான், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் விஷயத்தில் முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவைத்தான் அணுகுவேன். குழுவின் கடிதத்தில் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்று மட்டும் இருக்கும், அதைப் பள்ளி ஏற்றுக்கொள்ளும். 32ஆம் பிரிவை வேறு வழியே இல்லாதபோது, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, தனியறையில் எடுங்கள். குழுவை எட்ட வழி தெரியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தால் வழிகாட்டுவார்கள்.

பள்ளி பற்றி இரண்டு விஷயம் கையில் இருக்கட்டும். சேர்க்கைக்கோ படிப்பைத் தொடரவோ எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பது சட்டவிரோதம். தனியார் பள்ளிகளின் 25 விழுக்காடு இலவச இடத்தில், தமிழ்நாட்டு விதிகளின்படி ஆதரவற்ற குழந்தையும் எச்.ஐ.வி. பாதித்த குழந்தையும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். இரண்டில் எந்தப் பெட்டியில் டிக் அடிப்பது என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வீடு போகாமல் பார்ப்பது

எங்கள் பகுதியில் அதிகம் நடக்கும் அநியாயம் இதுதான். புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ வாரியக் குடியிருப்பில் அப்பா பெயரில் ஒரு வீடு. அப்பா போனார், அம்மா போனார். காரியம் முடிந்த கையோடு ஒரு சொந்தக்காரர் "பிள்ளைங்களை நான் பார்த்துக்கிறேன்" என்று வந்து உட்காருவார். ஒதுக்கீட்டு ஆணையை வாங்கி வைத்துக்கொள்வார். ஒரு வருடத்தில் வீடு அவருடையது, பிள்ளைகள் விடுதியில்.

எச்.ஐ.வி. சட்டத்தின் 16ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. பாதிக்கப்பட்ட குழந்தையின் சொத்தைக் காக்க வேண்டியது அரசின் கடமை. சொத்துப் பத்திரங்களைப் பத்திரமாக வைக்கும்படி குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். வீட்டை விட்டு வெளியேற்றினாலோ, வெளியேற்றப் பார்த்தாலோ அங்கேயே புகார் கொடுக்கலாம். குழந்தையே கொடுக்கலாம், அதன் நலனுக்காகச் செயல்படும் யாரும் கொடுக்கலாம். அதாவது நீங்களும் கொடுக்கலாம்.

செய்ய வேண்டியது: ஒதுக்கீட்டு ஆணை, பணம் கட்டிய ரசீதுகள், மின்கட்டண அட்டை ஆகியவற்றை இறப்பு நடந்த முதல் மாதத்திலேயே நகலெடுங்கள். முன்பு குடிசை மாற்று வாரியம் என்று இருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு, "இந்த வீட்டுக்கு வாரிசுகள் சிறார்கள், அவர்கள் தரப்பைக் கேட்காமல் பெயர் மாற்றம் செய்யக் கூடாது" என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். குழந்தைகள் நலக் குழுவுக்கு ஒரு நகல். நான் பார்த்தவரை பாதி ஆக்கிரமிப்பு இந்தக் கடிதத்திலேயே நின்றுவிடுகிறது. சொந்தக்காரருக்குப் பிள்ளைகள் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

அரசு எதையெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறது

மனுப் போடுகிறவர் கையேந்துகிறவர் இல்லை. எழுதிக் கொடுத்ததைக் கேட்கிறவர். அதனால் இந்த வாக்குகளை வரிசையாக மனத்தில் வையுங்கள்.

இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது இதே சென்னையில், 1986இல், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவின் ஆய்வில். 1992 டிசம்பரில் இந்தியா குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இணைந்தது. 2001 ஜூனில் ஐ.நா. பொதுச்சபை எய்ட்ஸுக்கென்று கூட்டிய சிறப்புக் கூட்டத்தில், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கான கொள்கைகளை 2003க்குள் வகுத்து 2005க்குள் செயல்படுத்துவோம் என்று நாடுகள் உறுதி சொன்னன. பள்ளி, இருப்பிடம், உணவு, மருத்துவம் மட்டுமில்லை, அந்தக் குழந்தைகளின் வாரிசுரிமை பறிபோகாமல் காப்போம் என்பதும் அந்த உறுதிமொழியில் இருக்கிறது. புளியந்தோப்பு வீட்டுக்கு நியூயார்க்கில் சொன்ன சொல் அது. குழந்தைகளும் எய்ட்ஸும் பற்றிய தேசியக் கொள்கைச் சட்டகம் 2007 ஜூலையில் வந்தது. பிறகு 2009 அறக்கட்டளை, 2017 சட்டம்.

இன்று ஒரு புதுச் சிக்கல் இருக்கிறது. 2004 ஏப்ரலில் அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்று. மருந்து வந்தபின் பெற்றோர்கள் உயிரோடு இருக்கிறார்கள், பெரிய நிம்மதி. ஆனால் எண்ணிக்கை குறைந்ததும் மிச்சமிருக்கும் குழந்தைகள் கணக்கிலிருந்தே நழுவுகிறார்கள். மருந்தைப் பாதியில் விட்டவரின் பிள்ளை, குடியால் சிகிச்சைக்கே போகாதவரின் பிள்ளை, காலம் கடந்து கண்டுபிடிக்கப்பட்ட தாயின் பிள்ளை என்று இன்றும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். "இப்பல்லாம் அந்த மாதிரி கேஸே இல்லையே" என்று யாராவது சொன்னால், எண்ணிக் காட்டுவது உங்கள் வேலை.

மனு

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பொருள் வரி இப்படி இருக்கட்டும்: "பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு மாத நிதி ஆதரவு கோருதல்." உள்ளே குழந்தையின் வயது, வகுப்பு, யார் பராமரிக்கிறார்கள், என்ன வருமானம், எந்தத் திட்டத்தின் கீழ் என்ன வேண்டும், இணைப்புகள். கண்ணீர்க் கதை வேண்டாம். ஆயா முதலில் எழுதி வாங்கியிருந்த மனு மூன்று பக்கம். அதில் மகனின் நோய், மருமகளின் நோய், பேரனின் மாத்திரை எல்லாம் இருந்தன, எந்தத் திட்டம் என்பது மட்டும் இல்லை.

சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில் இருக்கிறது. நமக்குப் பக்கம்தான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், காலையிலேயே போய்விடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100இல் பதியலாம், ஆனால் அங்கே போனில் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். அந்தக் குறிப்பு எந்தெந்த மேசைக்கு நகர்ந்து போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

பாகுபாடு நடந்தால் மட்டும் வழி வேறு. பள்ளியோ மருத்துவமனையோ வீட்டுக்காரரோ தொற்றைக் காரணம் காட்டி விலக்கினால், சட்டப்படி மாநில அரசு நியமிக்க வேண்டிய குறைதீர்ப்பாளரிடம் யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம். 30 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். உயிர் காக்கும் சிகிச்சை போன்ற அவசரம் என்றால் இயன்றவரை 24 மணி நேரத்தில். உத்தரவை மதிக்காதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரை. வழக்கு நீதிமன்றம் போனால் பெயரை மறைத்து நடத்தும்படி கோரலாம்.

ஒரு குழந்தையிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும்

பத்து மனு போட்டபிறகு ஒரே இடத்தில் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்பது தெரியும். எங்களுக்கு அது வருமானச் சான்றில் தெரிந்தது. தனி மனு அங்கே பயன்படாது, நிர்வாகத்தையே கேட்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பெயர் கேட்காதீர்கள், எண் கேளுங்கள்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் நிதி ஆதரவு கோரி வந்த விண்ணப்பங்கள் எத்தனை, ஏற்றவை எத்தனை, நிராகரித்தவற்றுக்குக் காரணம் வாரியாக எண்ணிக்கை என்ன, ஒப்புதலுக்கும் முதல் தவணைக்கும் இடையே எத்தனை நாள். அறக்கட்டளைக்கு: ஆண்டுதோறும் உதவி பெற்ற குழந்தைகள் எத்தனை, தொகை எவ்வளவு. குறைதீர்ப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகார்களின் எண்ணிக்கையை அரசுக்கு அறிக்கையாகத் தந்து இணையத்திலும் வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த அறிக்கையின் நகலையும் கேளுங்கள்.

பதில்களை ஒரே தாளில் தொகுத்து, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் வருவதற்குச் சில வாரம் முன்பு உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கொடுங்கள். அந்த நேரத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சமூக நலத் துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். போன ஆண்டுக் குறிப்பில் என்ன வாக்குக் கொடுத்தார்கள், என்ன நடந்தது என்று பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டினால், எந்தக் கட்சி உறுப்பினரும் காதுகொடுத்துக் கேட்பார். அறிக்கைப் பேச்சு வேண்டாம், கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

இதையெல்லாம் தனியாகச் செய்யாதீர்கள். தொற்றோடு வாழும் பெண்கள் தங்களுக்காகச் சேர்ந்து 1998இல் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கியதும் சென்னையில்தான். இப்படிப்பட்ட அமைப்புகளில் இருப்பவர்கள் உங்களுக்கு முன்பே இந்தப் படிகளில் ஏறி இறங்கியவர்கள். கூட்டத்தில் அவர்கள் பேசட்டும், நீங்கள் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆயாவோடு நான் ராஜாஜி சாலைக்குப் போனது ஒரு திங்கட்கிழமை. இந்த முறை ஒரே பக்கம்தான் மனு. மேசையில் இருந்தவர் படித்துவிட்டு வருமானச் சான்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது. ஒப்புகைச் சீட்டை ஆயா இரண்டாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தார். பிறகு ஏதோ நினைத்து வெளியே எடுத்து, அடுத்து எந்தத் தேதிக்கு வந்து கேட்க வேண்டும் என்று அதன் பின்பக்கம் எழுதித் தரச் சொன்னார்.